புளியங்கொட்டைக் கணக்கு

எங்கள் ஊர் மாநகராட்சி ஆன புதிது. தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுணுக்குள் ஓடிய பஸ் அதே பழைய பஸ்தான், ரத வீதியின் குண்டும் குழியும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் பலகையில் 'மாநகரம்' என்று எழுதியதும் எங்களுக்கெல்லாம் ஓர் அங்குலம் உயரம் கூடிவிட்டது. நான் அப்போது புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். கணக்கு வாத்தியார் மகள். எதையும் எண்ணிப் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்புகிற வயது.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வேலை வந்தது. பெரிய நகரங்கள் தங்கள் மக்களின் விளையாட்டுக்கும் உடல்நலத்துக்கும் எவ்வளவு துணை நிற்கின்றன என்று அளந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். மாநகரம் ஆகிவிட்டதால் எங்கள் ஊரும் பட்டியலில் ஏறியிருந்தது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகளுக்கு மார்க் போடலாம், ஊருக்கு எப்படிப் போடுவது? ஆனால் அந்த முப்பது பக்கப் படிவத்தைக் கையில் வாங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மைதானம் எத்தனை, நீள அகலம் எவ்வளவு, நீச்சல் குளம் உண்டா, பூங்கா, நடைபாதை, குடிதண்ணீர்க் குழாய், முதலுதவிப் பெட்டி, ஒரு வீட்டிலிருந்து விளையாடும் இடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம். ஓர் ஊரைக் கழற்றிக் கட்டம் கட்டமாக அடுக்க முடியும் என்று யோசித்த மூளை யாருடையதோ, அதற்கு ஒரு கும்பிடு போடலாம் என்று இருந்தது.

முதல் பக்கத்தில் விதிகள் இருந்தன. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள்தான் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி நேரம் நின்று, அந்த இடத்தைப் பயன்படுத்துகிறவர்களை எண்ண வேண்டும். விதியை மீறுவது எனக்கு ஆகாத காரியம். பள்ளிக்கூட நோட்டில்கூட மார்ஜினுக்கு வெளியே நான் எழுதியதில்லை.

அப்படித்தான் ஒரு பங்குனி மாதப் பகலில், குறுக்குத்துறைக்குப் போகிற வழியில், வாழைத் தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடந்த அந்த மைதானத்துக்குப் போனேன். மணி பன்னிரண்டு. குடை பிடித்திருந்தேன், குடைக்குள்ளும் வெயில் இருந்தது. மருத மரத்து நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. தரையில் யாரோ போட்ட சுண்ணாம்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது. கோட்டை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விதிப்படி ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு ஜீவன் வரவில்லை. 'பயன்படுத்துவோர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று மணி மணியாக எழுதினேன். 'நீச்சல் குளம்' என்ற இடத்திலும் 'இல்லை'. ஐம்பதடி தள்ளி ஆறு ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு சொம்பு மோர் குடித்துவிட்டு, வேலை முடிந்த நிம்மதியில் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து வருஷப் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், நூல் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் தாலிச் செயினோடு சேர்ந்து ஒரு விசில்.

"மைதானக் கணக்கு எழுதுன பிள்ள நீங்கதானா?"

"ஆமா, நான்தான்."

"ஆளே வாரதில்லன்னு எழுதியிருக்கீயளாமே?"

குரலில் இருந்த காரம் எனக்குப் பிடிக்கவில்லை. என் கணக்கைத் தப்பு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. "நான் பாத்ததத்தான் எழுதினேன். ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்னேன். ரெண்டு ஆடு இருந்துது" என்றேன்.

"எப்ப வந்து பாத்தீய?"

"பன்னெண்டு மணிக்கு."

அவர் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா புளியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரித்துவிட்டார்கள்.

"பங்குனி மாசம் பன்னெண்டு மணிக்குத் திருநவேலியில எவன் வெளிய நிப்பான்? ஆடுகூட நெழலு பாத்துல்லா படுத்திருந்திருக்கும்!" என்றவர், சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டு, "காலையில அஞ்சு மணிக்கு வந்து பாத்திருக்கணும் தாயி. நீங்க எழுதுன ஒத்த வார்த்தையில எம்பிள்ளையளுக்கு நிக்க எடம் இல்லாம ஆயிரும் போலிருக்கு" என்றார்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் விளையாட்டு ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் இருந்த கொஞ்ச இடத்திலும் கட்டடம் வந்துவிட்டது. பதினொரு வருஷமாக அந்த ஆற்றங்கரை மைதானத்தில்தான் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார். பாதிப் பேருக்கு அப்பா அம்மா வாழைத் தோட்டத்திலும் வயலிலும் கூலி வேலை. விடியுமுன் ஆடினால்தான் உண்டு, அதற்கப்புறம் வீட்டு வேலை, பள்ளிக்கூடம். இரண்டு பிள்ளைகளை மாநிலத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேறினால் விடுதியில் இடம் கிடைக்கும், கல்லூரி வரைக்கும் படிப்பு நிற்காது. இந்த நேரத்தில், என் படிவத்தில் இருந்து 'பயன்பாட்டில் இல்லாத மைதானங்கள்' என்று ஒரு பட்டியல் தயாராகி ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. லாரிகள் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்து மைதானத்தின் மேல் கண் வைத்துவிட்டார்கள்.

"மாசக் கடைசிக்குள்ள கணக்கு மாறலன்னா எல்லக் கல்லு நட்டிருவாவ" என்றார். அவர் கை விசிலைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் என் ரோஷமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி என் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். சென்னைக்காரர். மாதம் ஒரு முறை வந்து படிவங்களைச் சரிபார்ப்பார். பத்து மணிக்கு முன்னால் எடுக்கிற கணக்கு செல்லாது என்றார். "சார், எங்க ஊர்ல பத்து மணிக்கு மேல வெளையாட வாரவன் சூரியனுக்குச் சொந்தக்காரனா இருக்கணும்" என்றேன். சிரித்தாரோ இருமினாரோ தெரியாது. "சரிம்மா, ஞாயித்துக்கெழம நானே வர்றேன். என் கண் முன்னாடி எண்ணணும். ஒரு மணி நேரம். எத்தனை பேர்னு எனக்கு நம்பர் வேணும். 'நிறைய பேர்'னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பினேன். இருபத்து மூன்று வருஷம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன். ஆறு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல். குடும்பத்தோடு போய் முழங்கால் தண்ணீரில் நின்று சொம்பால் மொண்டு குளித்ததைத் தவிர அந்த ஆற்றோடு எனக்கு வேறு பழக்கம் கிடையாது. அந்த நேரத்தில் அங்கே போனதே இல்லை.

வாழைத் தோட்டத்தைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

மைதானம் முழுக்க ஆட்கள். முழுதாக வெளுக்காத வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை, அசைவு மட்டும் தெரிந்தது. நடுவில் பெண்பிள்ளைகள் பாவாடையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கபடி ஆடினார்கள். ஒருத்தி மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் புகுந்தபோது அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. ஓரத்தில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணாச்சிகள் வரிசையாகத் தண்டால் எடுத்தார்கள். நாள் முழுக்க மூட்டை தூக்கப் போகிறவர்களுக்கு விடியுமுன் எதற்குத் தண்டால் என்று எனக்குப் புரியவில்லை. "இது எங்களுக்கு, அது மொதலாளிக்கு" என்று பிற்பாடு அவர்களில் ஒருவர் சொன்னார். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று வாலிபர்கள் வெறுங்காலோடு சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஒரு குருக்கள் கிழக்கே பார்த்து விழுந்து விழுந்து எழுந்தார். ரிட்டயரான வாத்தியார்கள் கையை வீசி நடந்தார்கள், அதில் இரண்டு பேர் எனக்குப் பாடம் நடத்தியவர்கள்.

ஆற்றைப் பார்த்தேன். அங்கேயும் தலை தலையாக. அல்வாக் கடையில் கிண்டிக் கிண்டித் தோள் இறுகிப்போனவர்கள் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தார்கள். என் அம்மா வயதுப் பெண்கள் நாலைந்து பேர், பாவாடையை மார்புக்கு மேல் முடிந்துகொண்டு, ஏதோ அடுத்த வீட்டுக்குக் கருவேப்பிலை வாங்கப் போகிற மாதிரி பேசிக்கொண்டே நடு ஆற்றுப் பாறை வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பினார்கள். கேட்டிருந்தால் குளிக்கப் போனோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். படிவத்தில் நான் 'நீச்சல் குளம் இல்லை' என்று எழுதியது நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு மைல் தூரத்தில் தினமும் இவ்வளவு நடந்திருக்கிறது, நான் போர்வையை இழுத்து மூடித் தூங்கியிருக்கிறேன்.

சுதாரித்துக்கொண்டு நோட்டை எடுத்தேன். விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று கபடி ஆடுகிற பிள்ளைகளிலிருந்து ஆரம்பித்தேன். ஏழைத் தாண்டவில்லை, துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"ஏ தாயி! பிள்ளையள வெரல நீட்டி எண்ணுதியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"நல்லதுக்குத்தாம்மா எண்ணுதேன். இந்த மைதானம்..."

"எந்த நல்லதும் வேண்டாம். போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர் வந்து தல தலயா எண்ணிட்டுப் போனாரு. மறுநா எம்மவ கை ஒடிஞ்சி ஒரு மாசம் கட்டுப் போட்டுக் கெடந்தா. ஏட்டி, நீ வா இங்க!"

கபடிக் கோட்டுக்குள் நின்ற பெண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். மாநிலத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி. மற்ற தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். விளையாட்டு ஆசிரியை விசிலை ஊதி ஊதிப் பார்த்தார், ஒருத்தியும் நிற்கவில்லை. காப்பாற்ற வந்தவள் கால் மணி நேரத்தில் மைதானத்தைக் காலி செய்துவிட்டேன். லாரிக்காரர்களுக்கே அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் வீட்டில் பந்திக்கு இலை போடும்போதுகூட அம்மா பிள்ளைகளை எண்ண மாட்டாள், இலையைத்தான் எண்ணுவாள். படித்த திமிரில் மறந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கூடத்துத் தூணில் சாய்ந்திருந்தேன். எதிரில் அம்மா எடுத்துப் போட்ட புளியங்கொட்டை கோணிச் சாக்கில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. இலையை எண்ணலாம் என்றால் கொட்டையை எண்ணலாமே என்று அப்போதுதான் பொறி தட்டியது.

சாயங்காலமே ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். ஆளுக்கு ஒரு கொட்டை. வருகிறவர்கள் தங்கள் கையாலேயே எடுத்துக் குடத்தில் போட வேண்டும். நான் யாரையும் பார்க்க மாட்டேன், கொட்டையை மட்டும் எண்ணுவேன். அந்த அம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எண்ணி முடிச்ச கொட்டைய என்ன செய்வ?"

"என்ன செய்யணும்?"

"எம்பிள்ளைக்குன்னு போட்ட கொட்ட, ஆபீசுக்குப் போவப்படாது. ஊரு தாண்டப்படாது. வெயிலு ஏறுமுன்ன ஆத்துல விட்டுரணும்."

"சரி" என்றேன். புள்ளியியல் வகுப்பில் யாரும் எனக்கு இவ்வளவு கறாராக நிபந்தனை போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வையாளர் ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டைக்குள் அடங்காத தொப்பை, கண்ணில் தூக்கம். மைதானத்து வாசலில் கோணிச் சாக்கையும் பக்கத்தில் பித்தளைக் குடத்தையும் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கோயில் உண்டியலா?" என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சரி, அஞ்சே கால்லேருந்து ஆறே கால் வரைக்கும்" என்றார். கடிகாரம் இருந்தால் அவருக்கு எல்லாம் ஆய்வுதான் போல.

முதல் கொட்டை விழுந்தபோது குடம் கணீர் என்றது. போட்டது அந்த அம்மாளின் மகள். அம்மாள் பின்னாலேயே நின்று, மகள் போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் துறைக்கு இறங்கினார். அப்புறம் ஒன்று, இன்னொன்று. பிறகு விடாமல். அண்ணாச்சிகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போட்டார்கள். குருக்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார். எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார் ஒருவர், "ஒரு ஆளுக்கு ஒண்ணா, ஒரு சுத்துக்கு ஒண்ணா?" என்று சந்தேகம் கேட்டுவிட்டுப் போட்டார். ஆற்றுக்குப் போகிற பெண்கள் எண்ணெய்க் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் போட்டார்கள். நான் சொன்ன சொல் தவறாமல் யாரையும் பார்க்கவில்லை, குனிந்து குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைகள் மட்டும் தெரிந்தன. மஞ்சள் பூசிய கை, வாழைக்கறை ஏறிய கை, காய்ப்புக் காய்த்த கை, நடுங்குகிற கை. கணீர் என்ற சத்தம் போய், கொட்டை மேல் கொட்டை விழுகிற சலசலப்பு வந்தது. குடத்தின் கழுத்து வரைக்கும் ஏறியபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கோயில் தேரை முதல் முதலாகப் பார்த்தபோதுகூட இப்படி வாயடைத்து நின்றதில்லை.

ஆசிரியை குடத்துக்குக் காவல். குறும்புக்காரர்கள் பிடி பிடியாக அள்ளிப் போடப் பார்த்தால் கையைத் தட்டிவிட்டார். "லே, ஒண்ணுதான்! ஒனக்கு என்ன பத்து ஒடம்பா?" ஒரு முறை மேற்பார்வையாளர் டீ குடிக்கத் தள்ளிப் போனார். மைதானத்தில் எல்லாரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். அப்போது ஆசிரியை சாக்குக்குள் கை விட்டு ஒரு பிடி அள்ளியதை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. கை குடத்துக்கு மேலே வந்து நின்றது. பதினொரு வருஷமும், இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கைக்குள் இருந்தன. போடட்டும் என்றுதான் என் மனசு சொன்னது. கணக்கு வாத்தியார் மகளின் மனசு.

அவர் கையைத் திருப்பி, அள்ளியதை அப்படியே சாக்கில் போட்டுவிட்டார். "இருக்கது போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆறே காலுக்குக் குடத்தை, பக்கத்தில் விரித்த வேறொரு சாக்கின் மேல் கவிழ்த்தோம். மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர், ஒரு காலத்தில் களத்தில் நெல் அளந்தவர். நான் எண்ணுகிற வேகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே உட்கார்ந்துவிட்டார். ஐந்தைந்தாகத் தள்ளி, ஐம்பதுக்கு ஒரு குவியல். முதல் குவியலைத் தள்ளி "லாபம்" என்றார். அடுத்ததுக்கு "ரெண்டு", அதற்கடுத்து "மூணு".

மேற்பார்வையாளர் பேனாவோடு நிமிர்ந்தார். "ஒன்னு எங்கே?"

"அதான் லாபம்" என்றார் அவர். நெல் அளக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள் என்று விளக்கினேன். மேற்பார்வையாளர் தன் தாளில் 'ஒன்று' என்று எழுதியிருந்ததை அடித்து 'லாபம்' என்று எழுதினார். அந்த நிமிஷத்தில் அந்தச் சென்னைக்காரரை எனக்குப் பிடித்துப்போனது. குவியல்கள் சாக்கு முழுக்கப் பரவி மணலில் இறங்கின. எண்ணிக்கையைக் கேட்டதும் அவர் மறுபடி ஒரு முறை தானே எண்ணினார். அதே எண்தான் வந்தது. மைதானத்தையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு பெரிய ஊர் பார்த்துட்டேம்மா, சிமென்ட் ஸ்டேடியம் எல்லாம் பார்த்தாச்சு. ஒரு மணி நேரத்துல இப்படி ஒரு கணக்கை நான் எழுதினதில்ல" என்றார். தான் கொண்டுவந்திருந்த என் படிவத்தில், நான் மணி மணியாக எழுதியிருந்த 'இல்லை' மேல் ஒரு கோடு போட்டு, எண்ணை எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டார்.

கொட்டைகளைக் குடத்தில் வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். நீர் இடுப்பளவு வருகிற இடத்தில்தான் விட வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். முழங்காலைத் தாண்டி நான் இறங்கியது அன்றுதான் முதல் முறை. ஆசிரியை என் கையைப் பிடித்திருந்தார். பைய அடியெடுத்து வைத்துக் குடத்தைச் சாய்க்கிற நேரத்தில் எனக்குத் திடுக்கென்றது.

"டீச்சர், நீங்க போட்டீயளா?"

"என்னத்த?"

"உங்க கொட்டைய?"

அவர் விழித்தார். குடத்துக்குக் காவல் நின்ற ஒரு மணி நேரத்தில் அவர் தனக்கென்று ஒன்று போடவே இல்லை. "நான் எங்க வெளையாடுதேன்? நின்னு ஊதத்தான செய்யுதேன்" என்று சிரித்தார். பேச்சு வாக்கில்தான் தெரிந்தது, சொந்த ஊரான ஏரலில் ஆற்று மணலில் ஓடிப் பழகியவராம். மாவட்டத்தில் முதலாவதாக வந்தவராம். பிள்ளைகளுக்கு விசில் ஊத ஆரம்பித்த பிறகு அவர் ஓடவே இல்லை. பதினொரு வருஷம்.

நான் குடத்தை நிமிர்த்திவிட்டேன். "கணக்கு சரியில்ல. ஒரு ஆள் விட்டுப்போச்சி" என்று கரையைப் பார்த்துக் கத்தினேன். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறே கால் தாண்டிருச்சேம்மா" என்றார். பிறகு, "அவங்க அஞ்சு மணிக்கே வந்தாச்சு, என் கண்ணால பார்த்தேன். ஆனா பயன்படுத்துவோர்னா பயன்படுத்தணும்" என்றார்.

கரையேறியதும் ஆசிரியை முடியாது என்றார். அதற்குள் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "ஓடுங்க டீச்சர்!" என்று ஒருத்தி அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். கை ஒடிந்து தேறிய அந்தப் பெண்தான். கழற்றியதை வாயில் வைத்து, அவர் தினமும் ஊதுகிற அதே தோரணையில் ஊதினாள்.

அவர் சேலையை இழுத்துச் சொருகினார். முதல் பத்தடி சும்மா விளையாட்டுக்குப் போகிறவர் மாதிரிதான் ஓடினார். மருத மரத்தைத் தாண்டியதும் கால் நீண்டது. ஓடிக்கொண்டிருந்த வாலிபர்கள் விலகி வழிவிட்டார்கள். அண்ணாச்சிகள் தண்டாலில் பாதியில் நின்றார்கள். துறையில் துணி அடிக்கிற சத்தம் நின்றது. நான் முப்பது பக்கப் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஈரச் சேலையோடு நின்றேன். ஓர் ஊர் தன் மக்களுக்கு என்ன செய்கிறது என்பதை அளக்க அனுப்பியிருந்தார்கள் என்னை. அதோ, அந்த ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சுற்று முடித்து மூச்சு வாங்க வந்தவருக்கு அந்த அம்மாள் சாக்கிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து நீட்டினார். அவர் குடத்தில் போட்டார். நான் எழுதிய எண்ணை அடித்து, ஒன்று கூட்டி எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் சுருக்கொப்பம் வைத்தார். பிறகு எல்லாருமாகப் போய்க் கொட்டைகளை ஆற்றில் விட்டோம்.

அடுத்த மாதம் வந்த 'பயன்பாட்டில் இல்லாத மைதானங்கள்' பட்டியலில் அந்த மைதானம் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் விடுதிக்குப் போனார்கள். எங்கள் ஊருக்கு நூற்றுக்கு எத்தனை கிடைத்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீச்சல் குளம் என்ற இடத்தில் மட்டும் 'இல்லை' என்றே விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக மார்ஜினுக்கு வெளியே 'ஆறு இருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன்.